எமிலியானுஸ் அண்ணை குதிரை கொடுத்த நாள்

எமிலியானுஸ் அண்ணைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கரம்பொன் கடலில் முப்பது வருஷம், காற்றுக்கு எதிராக அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், முழங்காலில் இருந்து அவர் சுவாமியின் காதுக்குள் சொல்வது கோயில் வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்களுக்கும் கேட்கும். அப்படி ஒரு வருஷம், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டது இது:

"சுவாமி, குதிரையிலை கை வைச்சிட்டு, பேந்து வைக்கேல்லை எண்டு பொய் சொன்னனான்."

சுவாமி என்ன கேட்டார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் கேட்டது.

"இல்லைச் சுவாமி, நெடுந்தீவுக் குதிரை இல்லை. செஸ் குதிரை. தொட்டால் நகர்த்த வேணும், அதுதான் சட்டம். நான் தொட்டனான். அந்த மனுசன் பாத்தவர்."

அந்த மனுசன் என்றால் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை ஐயா. மலாயாவில் றெயில்வே கிளார்க்காக இருபத்தெட்டு வருஷம் இருந்து, பென்சனோடு 1961இல் ஊருக்கு வந்தவர். எமிலியானுஸ் அண்ணை எவ்வளவு சத்தமோ இவர் அவ்வளவு கணக்கு. ஒவ்வொரு சொல்லையும் ரிக்கற் வெட்டித் தருகிற மாதிரித் தருவார். சொல்ல முதல் ஒரு செருமல். சொல்லி முடிய ஒரு "ஓல்றைற்?"

இரண்டு பேரும் சேர்ந்தது ஒரு கோர்வை ஓரா மீனால். வந்து ஒரு வருஷமாகியும் ஐயாவுக்கு ஊரில் பேச்சுத்துணை கிடைக்கவில்லை. பின்னேரங்களில் கிணற்றடி மாமர நிழலில் ஒரு ஸ்ரூலைப் போட்டு, அதன்மேல் சதுரங்கப் பலகையை விரித்து, மடியில் ஒரு புத்தகத்தோடு தன்னந்தனியே விளையாடிக்கொண்டிருப்பார். மீன் கொடுக்க வேலிக்கரைக்கு வந்த எமிலியானுஸ் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஐயா தனியவோ விளையாடுறியள்? ஆர் வெல்லுறது?"

"நான்தான்."

"தோக்கிறது?"

செருமல். "அதுவும் நான்தான் காணும்."

"அப்ப ஒரு நாளும் முழுச் சந்தோசம் வராது," என்று சொல்லி, மீனை வேலித் தடியில் கொழுவிவிட்டு, எமிலியானுஸ் அண்ணை வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார்.

பொட்டு என்பது வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு விட்ட இடைவெளி. அந்தப் பொட்டு அதற்கு முதலே இருந்தது. எமிலியானுஸ் அண்ணையின் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. ஐயாவின் கிணறு நல்ல தண்ணீர். அண்ணையின் மனைவி றோசம்மா காலையில் ஒரு குடம், பின்னேரம் ஒரு குடம் அந்தப் பொட்டால் வந்து கொண்டுபோவார். ஆரம்பத்தில் ஐயாவின் மனைவி அன்னபூரணம்தான் வாளியால் அள்ளி ஊற்றுவார், றோசம்மா தள்ளி நின்று குடத்தை நீட்டுவார். ஊர் வழக்கம் அப்படி. இரண்டு மூன்று வருஷம் போக, ஒரு நாள் கயிறு றோசம்மாவின் கையில் இருந்தது. அது எப்படி அந்தக் கைக்கு வந்தது என்று இரண்டு பெண்களும் இன்றுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. வருஷா வருஷம் ஓலை மாற்றி வேலி அடைக்க ஆட்கள் வருவார்கள். ஒருவரும் சொல்லாமலே அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை அடைப்பார்கள். கேட்டு வாங்கியது இல்லை, கொடுத்தது என்று சொல்லிக் காட்டியதும் இல்லை. பொட்டிலிருந்து கிணற்றுக்கு வளவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை மணல் தடம் மட்டும் கிடந்தது.

சரி, சண்டைக்கு வருவோம்.

எமிலியானுஸ் அண்ணை சதுரங்கம் பழகியது இளந்தாரி வயதில், நாகபட்டினத்திலிருந்து ஓடு ஏற்றி வந்த ஒரு தோணியில், காற்று விழுந்து கடலில் சும்மா கிடந்த நாட்களில். தோணிக்காரர் சொல்லிக்கொடுத்த சட்டத்தில், ராசா ஆட்டத்துக்கு ஒரு தரம் குதிரை மாதிரிப் பாயலாம். ஐயாவின் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. அதில் ராசா கோட்டையோடு இடம் மாறி ஒளிந்துகொள்ளலாம்.

"ராசா பாயிறதோ? நொன்சென்ஸ்!"

"ஒளிக்கிற ராசாவிலும் பாயிற ராசா நல்லந்தானே ஐயா."

முதல் மூன்று நாளும் ஆட்டம் நடக்கவில்லை, வழக்குத்தான் நடந்தது. நாலாம் நாள் ஒரு தீர்ப்பு வந்தது. ஐயாவின் ராசா கோட்டை கட்டுவார், அண்ணையின் ராசா ஒருக்கால் பாய்வார். ஒரே பலகையில் இரண்டு சட்டம். பதினேழு வருஷம் அதிலே ஒரு குறையும் வரவில்லை.

வராத சமாதானம் குதிரையிலும் மந்திரியிலும்தான்.

"புத்தகம் என்ன சொல்லுது தெரியுமோ?" என்பார் ஐயா. "சிப்பாயின்ர பெறுமதி ஒண்டு எண்டால் குதிரை மூண்டு, மந்திரியும் மூண்டு. ஆனால் மந்திரி எப்பன், ஒரு சொட்டு, மேலை."

"ஆர் ஐயா நிறுத்துப் பாத்தது? எந்தத் தராசிலை?"

"அது அனுபவம் காணும். மந்திரி இந்த மூலையிலை இருந்து அந்த மூலைக்கு ஒரே ஓட்டம். உம்மட குதிரை அங்கை போய்ச் சேர முதல் என்ர மந்திரி போய்ச் சாப்பிட்டு நித்திரையும் கொண்டிடுவார். ஓல்றைற்?"

"ஓடுவார், ஓடுவார். வழியிலை ஒரு சிப்பாய் குந்தியிருந்தால் எங்கை ஓடுறது? குதிரை கவட்டை விரிச்சுத் தாண்டும். மற்றது, வெள்ளைக் கட்டத்திலை பிறந்த மந்திரி வெள்ளையிலைதான் சாவார். பக்கத்துக் கறுப்புக் கட்டத்திலையும் ஆக்கள் குடியிருக்கினம் எண்டே அந்தாளுக்குத் தெரியாது. அவரை வைச்சு ஊராளுறதோ?"

இப்படி ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அண்ணை வந்து, வழக்கம்போல உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருக்கப் போக, அங்கே இரண்டாவது கதிரை ஒன்று போட்டிருந்தது. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. ஏறி இருந்து, "கதிரை ஆடுது ஐயா," என்று ஒரு குறை மட்டும் சொன்னார்.

அண்ணைக்குத் தொழில் களங்கண்டி. ஆழமில்லாத கடலில் தடிகளை வரிசையாக நட்டு, வலை கட்டி, மீனை வளைத்து வளைத்து ஒரு மூலைக்குள் கொண்டுபோய் விடுகிற வேலை. மற்றவர்கள் நிலத்தில் அடைக்கிற வேலியை அவர் கடலில் அடைத்தார். சதுரங்கத்திலும் அதையேதான் செய்தார். இரண்டு பக்கச் சிப்பாய்களையும் முட்டுக்கு முட்டாக நிற்கவைத்து, நடுப்பலகையில் காற்றும் போக இடமில்லாமல் அடைத்துவிட்டு, பிறகு மெல்லக் குதிரையைத் தொடுவார். ஐயாவின் மந்திரிகள் இரண்டும் தங்கள் சிப்பாய்களுக்குப் பின்னால் நின்று மூச்சு முட்டும். "வழி விடும் காணும், கொஞ்சம் திறந்து விளையாடும்!" என்று ஐயா கெஞ்சுவார். அண்ணை அசையமாட்டார்.

இந்தக் குதிரைக்காக அவர் பட்டது கொஞ்சமில்லை. ஒரு சோளக மாதத்தில் காற்று அடித்த அடியில் பலகை புரண்டு, அவருடைய கறுப்புக் குதிரை ஒன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார்.

"எட எமிலி, குடிக்கிற தண்ணிக்குள்ளை குதிச்சியோ, பிறகு எனக்கு முன்னாலை நிக்கப்படாது!" என்று குசினி வாசலில் அன்னபூரணம் அக்கா அகப்பையோடு நின்றார்.

"அக்கா, குதிரை கனநேரம் நீந்தாது!"

அடுத்த கிணறு இறைப்பு வரைக்கும் நாலு மாதம், வலைக்குக் கட்டுகிற ஒரு மிதப்புக் கட்டை குதிரையாக நின்றது. அந்த நாலு மாதமும் றோசம்மா தண்ணீர் அள்ள வரும்போதெல்லாம், வாளிக்குள் எட்டிப் பார் என்று உத்தரவு. கிணறு இறைத்து எடுத்தபோது குதிரையின் ஒரு பக்கத்துக் கறுப்பு முழுக்கக் கழன்றுபோய் இருந்தது. அதன்பிறகு ஐயா அதைத் தன்னுடையது என்று நினைத்து நகர்த்தப் போவதும், அண்ணை கத்துவதும் வழமையாகிவிட்டது.

ஒன்று மட்டும் ஊருக்கே தெரியும். எமிலியானுஸ் அண்ணை ஒரு நாளும் குதிரையைக் கொடுத்து மந்திரியை வாங்கமாட்டார். வெட்டு என்று மந்திரி வந்து முன்னால் நின்றாலும் வெட்டமாட்டார். ஒரு தரம் அதற்காக ராணியையே பறிகொடுத்தார்.

இப்படியே 1979 வந்தது. ஐயாவின் மகன் பாலசிங்கம் லண்டனிலிருந்து கடிதம் போட்டான். ஆவணி மாதம் பிள்ளைகளோடு வருகிறானாம். வர முதல் வளவுக்கு நாலு பக்கமும் மதில் கட்ட வேண்டும். ஓலை வேலியைப் பார்த்தால் பிள்ளைகள் ஏதோ கூடாரம் என்று நினைப்பார்கள். காசும் வந்தது. மேசன் அருளப்புவும் வந்தான்.

ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"நாலு பக்கமும் காணும். ஆறடி உயரம். சீமெந்துக் கல்லு. வெள்ளை அடிச்சு விட்டால் மலாயாவிலை ஈப்போ ஸ்ரேசன் மாதிரி இருக்கும்."

"நல்லது ஐயா," என்றார் எமிலியானுஸ் அண்ணை.

குசினிக்குள்ளிருந்து அன்னபூரணம் அக்கா வெளியே வந்தார். "எமிலி என்ன சொன்னது?" என்று கேட்டார். பதினேழு வருஷத்தில் அவருக்குக் கேட்காமல் போன முதல் சொல் அது.

அன்று அடுத்த வளவில் சத்தம் போட்டது றோசம்மா. பெருமூச்சில் பாதியும் "அப்பனே"யில் மீதியுமாகக் கதைக்கிற மனுசி, எங்கள் வீடு வரைக்கும் கேட்கக் கதைத்தார்.

"ஒரு வாய் கேளுங்கோவன்! பொட்டு ஒண்டு விடுங்கோ ஐயா எண்டு கேட்டால் வாய் தேஞ்சு போமோ?"

அண்ணையின் பதில் மெல்லத்தான் வந்தது. "பதினேழு வருசம் கேளாமல் வந்த தண்ணியடியப்பா. இப்ப கேட்டால் அது பிச்சைத் தண்ணி."

"கேளாட்டி, சந்திக் கிணத்திலை போய் நிக்கிறது ஆர்? நீங்களோ? என்ர முழங்கால் இருக்கிற இருப்புக்கு அரைக்கட்டை தூரம் குடத்தோடை... அப்பனே."

ஐயா கெட்டவர் இல்லை. அவர் அதைப்பற்றி யோசித்தும் இருந்தார், தன்னுடைய கணக்கில். அடுத்த நாள் ஆட்டத்தின் நடுவில் தானாகவே சொன்னார்.

"முன் படலை பூட்டுறேல்லைத்தானே. றோசம்மாவை அதாலை வந்து அள்ளச் சொல்லும். ஓல்றைற்?"

"ஓம் ஐயா."

மலாயாவில் இருந்து பழகிய மூளைக்குப் படலையும் வாசல், பொட்டும் வாசல். எங்கள் ஊரிலேயே இருந்த யாருக்கும் அது அப்படி இல்லை. பொட்டால் போகிறவள் போட்ட வீட்டுச் சட்டையோடு, முடியாத தலையோடு, அடுப்பில் உலை கொதிக்கும்போதே போய்விட்டு வரலாம். படலையால் போவதென்றால் சேலை மாற்ற வேண்டும், தெருவைச் சுற்ற வேண்டும், வெறுங்குடத்தோடு கடைவாசல் ஆட்களைத் தாண்ட வேண்டும், முன் முற்றத்தில் நின்று "அக்கா" என்று கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து "ஆர் அது?" என்று ஒரு குரல் வரும். பொட்டால் வந்தவளை ஒருவரும் ஆர் என்று கேட்பதில்லை.

மேசன் அருளப்பு மூன்று பக்கமும் முடித்துவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், "நாளைக்கு இந்தப் பக்கத்து வேலியைப் பிடுங்கி அத்திவாரம் வெட்டுறன் ஐயா," என்று நூல் பிடித்துக் கட்டிவிட்டுப் போனான். வெள்ளை நூல் பொட்டுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் நீட்டுக்கு நின்றது. எமிலியானுஸ் அண்ணை அதைத் தாண்டி வந்து கதிரையில் இருந்தார்.

எட்டாம் காய் நகர்த்தும்போது ஐயா தன் மந்திரியை அலட்சியமாக ஒரு குதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். அண்ணை வெட்டமாட்டார் என்ற பதினேழு வருஷத்து நம்பிக்கை.

அண்ணை வெட்டினார்.

ஐயா அந்தக் குதிரையைப் பதிலுக்கு வெட்டுவதற்கு முதல் அவருடைய முகத்தைப் பார்த்தார். "கை தவறிப் பட்டிட்டுதோ? எடுக்கிறதெண்டால் எடும்."

"தொட்டால் தொட்டதுதான் ஐயா. வெட்டுங்கோ."

ஐயா வெட்டினார். நாலு நகர்த்தல் போக, அண்ணை மற்றக் குதிரையையும், அந்தப் பாதி வெளிறிய குதிரையை, கொண்டுபோய் மற்ற மந்திரிக்குக் கொடுத்து வாங்கினார். இப்போது மந்திரிகள் இரண்டும் அண்ணையிடம் மட்டும். குதிரைகள் இரண்டும் ஐயாவிடம் மட்டும்.

"உமக்குச் சுகமில்லையோ காணும்?"

"சுகந்தான் ஐயா. விளையாடுங்கோ."

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எமிலியானுஸ் அண்ணை சிப்பாய்களை அடிபட விட்டு நடுவைத் திறக்கத் தொடங்கினார். ஐயாவோ, "கொஞ்சம் திறந்து விளையாடும்" என்று பதினேழு வருஷம் கெஞ்சிய அதே ஐயா, அவசரம் அவசரமாகச் சிப்பாயைத் தள்ளி அடைக்கப் பார்த்தார். ஒரு சிப்பாய். பிறகு இன்னொன்று. முட்டுக்கு முட்டு. குதிரை கைக்கு வந்த உடனே அவருக்கும் வேலி தேவைப்பட்டது.

"உங்கை ஏன் ஐயா அடைக்கிறியள்?" என்று அண்ணை கேட்டார். குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது.

"அடைக்காமல்? உம்மட மந்திரி ரண்டும் என்ர முற்றத்துக்குள்ளை ஓடித்திரியுது."

"அதுதான் ஐயா. குதிரைக்காரன் அடைப்பான், அவனுக்கென்ன, பாயலாம். மந்திரிக்காரனுக்கு வழி வேணும். வழியில்லாட்டி அவன் நிண்ட இடத்திலை நிண்டு சாக வேண்டியதுதான்." பலகையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் இவ்வளவு காலமும் குதிரைக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். வீட்டிலை யோசிச்சுப் பாத்தன். நான் மந்திரிக்காரன்தான் ஐயா."

ஐயா செருமினார். அந்த நேரம் பார்த்து றோசம்மா பின்னேரக் குடத்தோடு வந்தார். நூலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். முழங்கால் விடவில்லை. குடத்தை முதலில் நூலுக்கு இந்தப் பக்கம் வைத்து, சட்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வேலித் தடியைப் பிடித்து, மெல்ல மெல்லத் தாண்டினார். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து அந்த வெள்ளைத் தடத்தால் குறுக்காக நடந்து கிணற்றடிக்குப் போனார். ஐயாவின் கண் நூலிலிருந்து அவர் பின்னாலேயே போய், பிறகு பலகைக்கு வந்து, திரும்பவும் நூலுக்குப் போனது.

ஆட்டம் ஐயாவுக்குத் தோல்வி. அண்ணையின் மந்திரிகள் இரண்டும் இரண்டு மூலையிலிருந்தும் ராசாவைப் பிடித்தன. எமிலியானுஸ் அண்ணை சிரிக்கவில்லை. காய்களைப் பெட்டிக்குள் அடுக்கி மூடி, "அப்ப வாறன் ஐயா," என்று நூலைத் தாண்டிப் போனார். வழமையாகச் சொல்கிற "நாளைக்குப் பாப்பம்" வரவில்லை.

காலையில் அருளப்பு நிலம் கிண்டும் அலவாங்கோடு வந்தபோது ஐயா வேலிக்கரையில் கதிரை போட்டு இருந்தார்.

"இந்த இடத்திலை விடும்."

"எந்த இடத்திலை?"

"இந்தப் பொட்டு. அப்பிடியே விடும்."

அருளப்பு தலையைச் சொறிந்தான். "ஐயா, ஆறடி மதில் கட்டிப்போட்டு நடுவிலை ஓட்டை விடுறதோ? தம்பி லண்டனிலை இருந்து வந்து என்னைக் கிழிப்பான். கதவெண்டாலும் போடவோ?"

"கதவு போட்டால் தட்ட வேணும் காணும். கதவு வேண்டாம்."

"அப்ப எவ்வளவு அகலம்?"

இதற்கு ஐயாவிடம் கணக்கு இல்லை. புத்தகத்திலும் இராது. அப்போது குசினிக்குள்ளிருந்து அன்னபூரணம் அக்கா வெறுங்குடம் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் போனார். திரும்பி இந்தப் பக்கம் வந்தார். பதினேழு வருஷத்தில் அவர் அந்தப் பொட்டால் போனது அதுதான் முதல் தரம்.

"இவ்வளவும் போதாது அருளப்பு. ரண்டு பக்கமும் ஒரு சாண் கூட்டு," என்றார். "நிறைகுடம் இடிக்கப்படாது. மற்றது, நிலத்திலை கல்லு வரி வைக்காதை. றோசம்மாவுக்குக் கால் தூக்க ஏலாது."

அந்தப் பக்கத்து வளவில் வலை உதறிக்கொண்டு நின்ற எமிலியானுஸ் அண்ணைக்கு இவ்வளவும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அருளப்பு முதல் கல்லை வைத்துச் சாந்து பூசுகிற வரைக்கும் வலையையே உதறிக்கொண்டு நின்றார். உதற அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு, கோயில் வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"ஐயோவ்! நேத்து மந்திரி வெண்டது எண்டு ஊரிலை கதைக்கப்படாது, சொல்லிப்போட்டன்! வெண்டது நான்! இண்டைக்கு என்ர குதிரை ரண்டும் எனக்கு வேணும்!"

ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். செருமினார்.

"பின்னேரம் வாரும் காணும். வாற வழி தெரியுந்தானே?"